சாயம் ஏறியவை: 41

பாலமீன்மடுவில், முகத்துவாரத்துக்கு இப்பால்,
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
நலீம் குழாயைச் சேற்றில் குத்தினான்.
மண்ணெண்ணெய்க்கு மூன்று நாள் வரிசையில் நின்றவன்.
"இந்தச் சேத்துக்கா?" என்று
ஒருதரம்தான் கேட்டான்.

நாங்கள் தேடிப் போனது அலையை.
கடல் உள்ளே வந்த அந்தக் காலை
வாவியின் அடியில் ஒரு சாண் மணலாய்க் கிடக்கிறது.
மணலில் இருப்பது கடலின் ஓடா, களப்பின் ஓடா என்று எண்ணினால்
அலை எந்த ஆழத்தில் அள்ளியது என்று சொல்லலாம்.
ஒற்றை உயிரணு, சுண்ணாம்பு வீடு.
அதிகம் அகப்படுவதன் பெயர் அமோனியா.
எழுதும்போதெல்லாம்
ஐஸ் கம்பனி வாசல் மணக்கும்.

முறை எளிது: அரி, கழுவு, அறுபது பாகையில் உலர்த்து,
தூரிகை நுனியை நனைத்துப் பொறுக்கு.
பத்தொன்பது மாதிரி அப்படித்தான் முடிந்தது.

இருபதாவது மேற்சேறு.
அதைக் கையில் எடுக்கவே கரண்ட் போனது.
பதின்மூன்று மணிநேரம் வராது என்றார்கள்.
மோட்டர் இல்லாமல் குழாயிலும் தண்ணீர் இல்லை.
வாவித் தண்ணீரிலேயே கழுவித் தட்டில் விட்டேன்.

வந்தாறுமூலையில் பங்குனி வெயில்
யன்னல் கம்பி வரை வந்து நின்றது.
அலுமாரிக்கு மேல், அடியில் கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டி.
தூசு தட்டி, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து,
ஒளித்துளையைச் சற்று மூடி

பார்த்தேன்.

முட்டை போல ஒன்று, ஆனால் சுண்ணாம்பில்லை.
வெங்காயச் சருகு போல ஒரு தோல், ஒரே ஒரு வாய்.
வாயிலிருந்து நூல்.
நூலிலிருந்து நூல் கிளைத்து, கிளை கிளையோடு கலந்து
தட்டெல்லாம் வீச்சு வலை.
வீசிய கையும் வலையும் ஒன்றே.
அதே நூலில் துகள்கள் போகவும் வரவும்,
கல்லடிப் பாலத்தில் பள்ளிவிடும் நேரம் போல,
இடிபடாமல்.

உலர்த்தும் அடுப்பில் இதெல்லாம் என்னவாகும்?
சுருங்கித் தூசாகும்.
பத்தொன்பது தரம் நான் ஊதித் தள்ளிய தூசு.

புத்தகம் இவற்றுக்கு ஒரு வரிசை போட்டிருந்தது:
மெல்லோடு உள்ளவை எல்லாம் ஒரு அறை,
மணல் ஒட்டிக்கொண்டவை அடுத்த அறை,
சுண்ணாம்புக்காரர் மேல்மாடி.
பிறகு மரபணு வந்து
எங்கள் ஊர்க் கேள்வியைக் கேட்டது:
தாய் எந்தக் குடி?
வீட்டுச் சுவரைப் பார்த்தா குடி சொல்வார்கள்?
மெல்லோடும் மணலோடும் ஒரே வளவில் பிறந்தவையாம்.
ஓடே இல்லாமல் நன்னீரில் திரியும் ஒன்று,
யாரும் சேர்க்காதது,
அதுவும் சொந்தமாம்.

மறுநாள் பாதித் தட்டைச் சாயத்தில் போட்டேன்.
உயிர் இருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பு.
எண்ணுவதற்குக் கொல்லத்தான் வேண்டும்.
நாற்பத்தொன்று.

கீழ் அடுக்கில், அலையின் மணலில்?
அங்கே ஒன்றும் இல்லை.
மெல்லோடு சில கிழமையில் அழுகிவிடும்.
அன்று எத்தனை புரண்டன என்று சொல்ல
ஒரு சருகும் மிஞ்சாது.

"பூச்சியம் போடுங்க" என்றார் கலாநிதி ஜெயரூபன் தொலைபேசியில்,
"வெறும் கட்டத்த மென்பொருள் ஏற்காது."
பூச்சியம் என்றால் தேடினேன், இல்லை என்று பொருள்.
இது இருந்திருக்கும், தெரியாது.
இரண்டுக்கும் ஒரே வட்டம் போட
கை வரவில்லை.
கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
பிழை, பிழை என்று திரை சிவக்கிறது.

இரவு ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
அடுப்பு தானாகச் சூடேறத் தொடங்க
ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மீதித் தட்டோடு போன சனிக்கிழமை
நலீம் எட்டிப் பார்த்தான். தண்ணீர்தான் தெரிந்தது.
"திங்கிறதா?"
இல்லை.
"விலை போகுமா?"
போகாது.
தோணியைச் சற்றுச் சரித்துத் தந்தான்,
தட்டைக் கவிழ்க்க.